ஊனத்தின் சதவீதமும் உழைப்பின் இழப்பும்

சாலை விபத்தில் உடல் முடங்கியவருக்கு எவ்வளவு தருவது என்பது பற்றி இந்திய நீதிமன்றங்கள் எழுதிக் குவித்த பக்கங்கள் ஏராளம். முறைமைக்காகத் திரும்பத் திரும்பப் படிக்கத் தக்கது என்று ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால், 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் வழங்கிய தீர்ப்பையே எடுப்பேன். எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். முந்தைய ஆண்டில் சரளா வர்மா வழக்கில் உயிரிழப்புக் கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரு வேறுபாடு புலப்படும். சரளா வர்மா தந்தது அட்டவணை; ராஜ்குமார் தந்தது விசாரணை முறை. அட்டவணையை மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்கள் தயக்கமின்றிப் பின்பற்றுகின்றன. விசாரணை முறையோ பெரும்பாலும் மேற்கோளாகவே உயிர்வாழ்கிறது. இதற்குக் குற்றம் முறையிலா, கையாள்வோரிடமா என்பதே இங்கே எடைபோட வேண்டியது.

களமாக இருசக்கர வாகன விபத்துகளை எடுத்துக்கொள்கிறேன். 2022-இல் நாட்டின் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 75,000 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பிழைத்தவர்களின் காயங்களுக்கும் தனித்தன்மை உண்டு. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிதல், மடங்க மறுக்கும் முட்டி, தோளுக்கும் கழுத்துக்கும் இடையே நரம்புக் கற்றை அறுந்து உடம்போடு இருந்தும் அசையாத கை. இந்தக் காயங்கள் உயிரை விட்டுவிட்டுத் தொழிலைப் பறிப்பவை. ராஜ்குமார் முறைக்கு இதைவிடப் பொருத்தமான உரைகல் இல்லை.

முதலில் அந்த முறையின் சாதனை. மருத்துவர் எழுதித் தரும் ஊனச் சதவீதமும் வருவாய் ஈட்டும் திறனில் ஏற்பட்ட இழப்பின் சதவீதமும் வெவ்வேறு என்று தீர்ப்பு தெளிவாகப் பிரித்தது. ஒரு காலுக்கான 45 சதவீதம் முழு உடலுக்கான 45 சதவீதம் ஆகாது. வலது கையில் 60, இடது காலில் 80 என்றால் கூட்டி 140 என்று எழுத முடியாது. இப்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே அன்றைய நடைமுறையின் தரத்தைக் காட்டும். பிறகு மூன்று படிகள். இந்த ஊனத்தோடு மனுதாரர் எதையெல்லாம் செய்ய முடியும், எதையெல்லாம் முடியாது? விபத்துக்கு முன் அவர் வயது என்ன, தொழில் என்ன, அந்தத் தொழிலின் இயல்பு என்ன? இப்போது அவர் எந்தப் பிழைப்புக்கும் வழியற்றவரா, பழைய வேலையைக் குறைவாகவேனும் செய்ய வல்லவரா, அல்லது அதை விட்டு வேறு எளிய வேலைக்கு மாற வேண்டியவரா?

தீர்ப்பு தரும் எடுத்துக்காட்டு துறையில் எல்லோரும் அறிந்தது. இடது கை துண்டிக்கப்பட்டால் மருத்துவக் கணக்கில் ஊனம் 60 சதவீதம் அளவில் இருக்கலாம். மனுதாரர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருவாய் இழப்பு ஏறக்குறைய 100. அரசு அலுவலக எழுத்தராக இருந்து வேலையும் நிலைத்தால் இழப்பு 60-க்கும் வெகு கீழே. ஒரே கையை இரண்டு வாழ்க்கைகளில் வைத்துப் பார்க்கச் சொன்ன இந்தப் பத்திதான் தீர்ப்பின் உச்சம். காயமடைந்தவர் உயிரோடிருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கென்று வருமானத்தில் எதையும் கழிக்கக் கூடாது என்ற தெளிவும் இதன் கொடையே. சின்னக் காயம் எது, பெரிய காயம் எது என்று இழப்பீட்டுத் தலைப்புகளை வகைப்படுத்திய விதத்திலும் கோணல் இல்லை.

குறை எங்கே? மூன்றாம் படியில். கேள்விகளைக் கேட்கும் வரை தீர்ப்பு திடமாக நடக்கிறது. கிடைத்த விடையை எண்ணாக மாற்றும் இடத்தில் கைப்பிடி இல்லை. பழைய வேலையைக் குறைவாகச் செய்வார் என்று கண்டுகொண்ட தீர்ப்பாயம் 25 எழுதலாமா, 50 எழுதலாமா? தீர்ப்பில் விடை கிடையாது. நீதிபதியின் அனுபவ அறிவுக்கு அது விடப்பட்டிருக்கிறது. அனுபவ அறிவு தேவைதான். ஆனால் அதற்குக் காரணம் எழுதும் கடமையைத் தீர்ப்பு வற்புறுத்தவில்லை.

இதன் விளைவை உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தீர்ப்புகளிலேயே காணலாம். 2014-இல் சையத் சாதிக் வழக்கு. மனுதாரர் காய்கறி வியாபாரி. வலது காலை இழந்தவர். காய்கறியை ஓரிடத்தில் உட்கார்ந்தும் விற்கலாமே என்றது உயர் நீதிமன்றம். சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுக்காமல் எந்த வியாபாரி உட்கார்ந்து விற்பார் என்ற நடைமுறை உண்மையை முன்வைத்து உச்ச நீதிமன்றம் அதை மறுத்து, செயல்பாட்டு ஊனத்தை, அதாவது வருவாய்த் திறன் இழப்பை, 85 சதவீதமாகக் கொண்டது. 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கு. மனுதாரர் இருபது வயதுத் தட்டச்சாளர், கணினியில் தரவு உள்ளிடுபவர். வலது கையை இழந்தவர். உயர் நீதிமன்றம் 45 என்றது. உச்ச நீதிமன்றம் 65-ஆக உயர்த்தியது. இரண்டு தீர்ப்புகளும் தனித்தனியாகப் படிக்கும்போது மனிதாபிமானமும் நிதானமும் உள்ளவை. அருகருகே வைத்தால்தான் இடறுகிறது. காலை இழந்த வியாபாரிக்கு 85, வலது கையை இழந்த தட்டச்சாளருக்கு 65. ராஜ்குமார் தச்சருக்குச் சொன்ன தர்க்கத்தைத் தட்டச்சாளரிடம் கொண்டுபோனால் எண் 85-க்கு மேலல்லவா போக வேண்டும்? கீழே வைப்பதற்கும் நியாயம் இருக்கலாம்: படித்த இளைஞர், வேறு வேலை கற்கக்கூடும். அந்த நியாயம் எண்ணுக்கு அருகில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 45 தவறு என்பதற்குத் தீர்ப்பு தரும் காரணங்கள் வலுவானவை. 65 சரி என்பதற்கு அதே வலுவில் காரணம் இல்லை. ஆயினும் பப்பு தேவ் யாதவின் பெரிய பங்களிப்பை இந்தக் குறை மறைக்கக் கூடாது. எதிர்கால வருவாய் உயர்வைச் சேர்க்கும் விதி இறந்தவர் வழக்குகளுக்கு மட்டுமே என்று நிலவிய குறுகலான வாசிப்பை நீக்கி, உடல் ஊனமுற்றவருக்கும் அது உண்டு என்று மூவர் அமர்வு உறுதிசெய்தது. ஊனமுற்ற உடல் உழைப்பை விட்டுவிடுவதில்லை என்ற பார்வையும் அதில் தொனிக்கிறது.

இனி நம் மாநிலம். சென்னை உயர் நீதிமன்ற எல்லைக்குள் எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்களைக் கவனிப்பவர்களுக்கு ‘சதவீதத்துக்கு இவ்வளவு’ என்ற கணக்கு பழக்கமானது. வருவாய் இழப்பு நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பாயம் கருதினால், மருத்துவர் தந்த ஊனச் சதவீதத்தை ஒரு நிலையான தொகையால் பெருக்கிவிடுகிறது. சதவீதத்துக்கு 1,000, 2,000 என்று இருந்த தொகை 3,000, 5,000 என ஏறி வந்திருக்கிறது. இந்த முறையை எடுத்த எடுப்பில் இகழ்வது நியாயமில்லை. அதற்குரிய சிறப்புகள் உண்டு. வேகமானது, முன்கூட்டியே கணிக்கத் தக்கது, வருமானச் சான்று கேட்டு மனுதாரரை அலைக்கழிக்காது. சம்பளம் குறையாமல் வேலையில் தொடரும் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ, உடலில் தங்கிவிட்ட குறைக்கு ஈடாக இது போதுமானது.

தரம் தாழ்வது உடலுழைப்பாளரிடம் இதைப் பொருத்தும்போது. ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். வயது 28, தரைக்கு டைல்ஸ் ஒட்டும் தொழில், லாரி மோதி வலது முட்டி நொறுங்கி, இப்போது பாதி கூட மடங்கவில்லை. அந்தக் காலுக்கு ஊனம் 35 சதவீதம் என்கிறார் மருத்துவர். சதவீதத்துக்கு 5,000 என்றால் 1,75,000 ரூபாய். ராஜ்குமார் வழியில் போனால்? குத்துக்காலிட்டு உட்கார முடியாதவர் டைல்ஸ் ஒட்ட முடியாது. நின்று செய்யும் குறைந்த கூலி வேலைதான் மிச்சம். இழப்பை 40 சதவீதம் என்று மிதமாகவே வைப்போம். மாத வருமானம் 15,000, பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு 2017-இல் வகுத்தபடி நாற்பது வயதுக்குக் கீழுள்ள சுயதொழிலாளருக்கு 40 சதவீத உயர்வு சேர்த்தால் 21,000, ஆண்டுக்கு 2,52,000, சரளா வர்மா அட்டவணையில் 26 முதல் 30 வயதுக்கான பெருக்கெண் 17, ஆகமொத்தம் 42,84,000. அதில் 40 சதவீதம் 17,13,600 ரூபாய். ஒரே முட்டி, ஒரே சட்டம், ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். எந்தக் கணக்கு என்று முடிவுசெய்வது பல நேரங்களில் மனுவில் ஒரு பத்தி சரியாக எழுதப்பட்டதா, தொழில் பற்றி ஒரு சாட்சி கூண்டேறினாரா என்பதுதான். இத்தகைய விபத்து இழப்பீட்டு முறையை ஒருமைப்பாடு உள்ளது என்று எப்படிச் சொல்வது?

வழக்கறிஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ‘மனுதாரர் முன்போல் வேலை செய்ய இயலவில்லை’ என்ற அச்சடித்த வாக்கியம் எல்லா மனுக்களிலும் இருக்கிறது. அவர் செய்த வேலை என்ன, அதில் எந்த அசைவு இன்றியமையாதது, எந்த அசைவு போயிற்று என்ற மூன்று வரிகள் அரிதாகவே இருக்கின்றன. கேட்கப்படாத கேள்விக்கு நீதிபதி எப்படி விடை எழுதுவார் என்று வாதிடலாம். ராஜ்குமார் அந்த வாதத்தையும் முன்னுணர்ந்தே அடைத்துவிட்டது. மருத்துவச் சாட்சியம் பதிவாகும்போது தீர்ப்பாயம் மௌனப் பார்வையாளராக இருக்கக் கூடாது; தானே கேட்க வேண்டும் என்கிறது அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 168, 169 பிரிவுகள் தீர்ப்பாயத்தை விசாரித்து அறியும் அமைப்பாகவே நிறுவியிருக்கின்றன. இரு தரப்பு மோதலுக்கு நடுவர் என்ற உரிமையியல் பழக்கத்தை அதற்குள் கொண்டுவந்தது நம் வழக்கமே தவிர சட்டமன்று.

வருமானம் என்ற அடித்தளமும் ஆட்டம் காண்கிறது. அதே டைல்ஸ் தொழிலாளியின் மாத வருமானத்துக்குச் சான்றில்லை என்று தீர்ப்பாயம் 9,000 எனக் கொண்டால், மற்ற எல்லாம் மாறாமல் இருந்தும் தொகை 10,28,160-ஆகச் சுருங்கும். 6,85,440 ரூபாய் ஒரு ஊகத்தில் கரைந்துபோகிறது. பெருக்கெண்ணை நுட்பமாக வகுத்துவிட்டு, பெருக்கப்படும் எண்ணை ஊகத்துக்கு விட்டால் கணக்கின் துல்லியம் வெறும் தோற்றம். இதற்கு நல்ல மருந்து 2011-இலேயே கிடைத்தது. ராமச்சந்திரப்பா வழக்கில் கூலித் தொழிலாளி மாதம் 4,500 என்று சொன்னார். தீர்ப்பாயம் 3,000 என்றது. அமைப்புசாராத் தொழிலாளி சொல்லும் தொகை அக்காலக் கூலி நிலவரத்துக்கு ஒத்ததாக இருந்து, எதிர்ச் சான்றும் இல்லையென்றால் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 4,500-ஐயே ஏற்றது. எல்லா வழக்கிலும் கண்மூடி ஏற்க வேண்டியதில்லை என்ற எச்சரிக்கையும் சேர்த்தே வந்தது. சமநிலையான விதி. ஊதியச் சீட்டு தராத நாட்டில் ஊதியச் சீட்டு கேட்பதன் அபத்தத்தை இவ்வளவு அடக்கமாகச் சுட்டிய தீர்ப்பு வேறில்லை.

காப்பீட்டு நிறுவனங்களின் தரப்பையும் கேட்பது முறை. சிகிச்சை தந்த மருத்துவர் ஒருவர், ஊனச் சான்றிதழ் தருபவர் இன்னொருவர். பின்னவர் மனுதாரரை ஒரே முறை பார்த்துவிட்டுத் தாராளமாக எழுதித் தருகிறார் என்பது அவர்களின் நெடுநாள் புகார். புகாரில் உண்மை உண்டு. கேட்டவுடன் கிடைக்கும் சான்றிதழ்களை ராஜ்குமார் தீர்ப்பே கடுமையாகச் சாடியிருக்கிறது. ஐயம் எழுந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம் என்று வழியும் காட்டியது. சிகிச்சை தந்த மருத்துவர்கள் நீதிமன்ற வராந்தாவில் நாள்முழுதும் காத்திருக்கும் அவலத்தை நீக்க, அவர்களுக்கு நேரம் குறித்துச் சாட்சியம் வாங்கும்படியும் சொன்னது. இந்த இரண்டு அறிவுரைகளில் முதலாவதைத்தான் நடைமுறை ஆர்வத்தோடு ஏற்றிருக்கிறது. ஐயம் எழும் வழக்குக்கான வழி, எல்லா வழக்குக்குமான சடங்காகி, மனுதாரரை இன்னொரு வரிசையில் நிறுத்துகிறது. கை விளங்காதவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவக் குழுவின் முன் போகும் உறவினர்களிடம் கேட்டால் இதன் விலை தெரியும்.

பைக்கில் சென்றவரின் தவறு என்ற பகுதியில் சட்டம் அண்மைக் காலத்தில் உண்மையாகவே தேறியிருக்கிறது. மூவர் சென்றார்கள், ஹெல்மெட் இல்லை என்றதும் பத்து, பதினைந்து சதவீதம் கழிப்பது பழக்கம். 2020-இல் முகமது சித்திக் வழக்கில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் எழுதிய தீர்ப்பு இந்தப் பழக்கத்தைத் தர்க்கத்தின் முன் நிறுத்தியது. மூவர் செல்வது 128-ஆம் பிரிவின்படி விதிமீறல். அதற்குத் தண்டனை வேறு. அந்த மீறல் விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணமாக இருந்தது என்று காட்டாமல் இழப்பீட்டில் கை வைக்க முடியாது. பின்னாலிருந்து கார் இடித்ததற்கு மூன்றாம் ஆள் எப்படிக் காரணம்? தலைக்காயத்துக்கு ஹெல்மெட் வாதம் பொருந்தும். முறிந்த காலுக்குப் பொருந்தாது. காரணத் தொடர்பு என்ற ஒற்றை அளவுகோலால் ஒரு தலைப்பு முழுவதும் நேராகிவிடும் என்பதற்கு இது நல்ல மாதிரி.

நாடாளுமன்றத்தின் பங்கை இவ்வளவு பாராட்ட இயலவில்லை. 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த இரண்டாம் அட்டவணை ஆண்டு வருமான உச்சவரம்பை 40,000 என்று வைத்து, கொடுங்காயத்தின் வலிக்கு 5,000 என்று விலை போட்டு, இருபது ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. அதன் கணக்குப் பிழைகளை உச்ச நீதிமன்றம் 1996-லேயே சுட்டியிருந்தும் நெடுங்காலம் திருத்தப்படவில்லை. 2019 திருத்தம் அதை அகற்றிவிட்டு 164-ஆம் பிரிவைத் தந்தது: யார் தவறு என்று கேளாமல் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். தவறை நிரூபிக்க வேண்டாம் என்பது நற்கொள்கை. ஆனால் குற்றவியல் சட்டத்தில் ஒரு பல் விழுந்தாலும் கொடுங்காயம், இரு கால் போனாலும் கொடுங்காயம். அதே இரண்டரை லட்சத்தை இரண்டுக்கும் நீட்டும் பிரிவு, ராஜ்குமார் கேட்ட முதல் கேள்வியையே அழித்துவிடுகிறது. அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின் கீழான முழு இழப்பீட்டு மனு முடிந்துபோகும் என்பது இன்னும் மோசம். மருத்துவமனைப் பில் கட்டப் பணமில்லாத குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது சட்டம் வரைந்தவர்களுக்குத் தெரியாததா?

மனு தாக்கலுக்கான ஆறு மாதக் காலவரையறை அதே திருத்தத்தின் மற்றொரு பிற்போக்கு. 1994-இல் நீக்கியதை 2019 மீட்டுக்கொண்டுவந்தது. மனுவை முதலில் தாக்கல் செய்துவிட்டு ஊனத்தைப் பின்னர் மதிப்பிடலாம். காவல்துறையின் விரிவான விபத்து அறிக்கையையே மனுவாகக் கருதவும் விதி இருக்கிறது. ஆகவே வரையறை முற்றிலும் மூடிய கதவன்று. எனினும் எலும்பு கூடாமல் இரண்டாம், மூன்றாம் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரிடம் ஆறு மாதம் என்று கடிகாரத்தைக் காட்டுவதில் எந்தப் பொதுநலனும் தெரியவில்லை. காலாவதி என்று சொல்லி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால ஆணை இட்டது பொருத்தமே.

ஓட்டை ஒன்று மட்டும் யாராலும் அடைக்கப்படவில்லை. அண்ணன் பெயரிலுள்ள பைக்கை எடுத்துப் போனவர் தானே சறுக்கி விழுந்தால், அவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர். மூன்றாம் நபர் அல்லர். 2020-இல் ராம்கிலாடி வழக்கு இதைத்தான் உறுதிசெய்து, பாலிசியில் உரிமையாளருக்கு இருந்த தனிநபர் விபத்துக் காப்பீட்டின் 1 லட்சத்தோடு நிறுத்தியது. ஒப்பந்தத் தர்க்கத்தில் பிழை காண முடியாது. குடும்பத்துக்கு ஒரு பைக் என்ற வாழ்நிலையோடு அது ஒட்டவும் ஒட்டாது. 2018-இல் அந்தக் காப்பீடு 15 லட்சமாக உயர்ந்தும், உரிமையாளராகவே ஓட்டுபவரைச் சுற்றித்தான் அது இன்னும் எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டுத் தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயமானது. அதற்குக் காரணமான பொதுநல வழக்கைத் தொடுத்தவர் கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். இடித்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்ற கையறு நிலையைக் குறைக்க அது உதவும். தானே விழுந்தவருக்கு அதனால் பயனில்லை.

வலிக்கு விலை என்ற கடைசித் தலைப்பு பற்றி ஒரு சொல். நரம்பு அறுந்த கையில் உணர்வு இராது. வலி மட்டும் இருக்கும், ஆண்டுக்கணக்கில். இதற்கு 25,000, 50,000 என்று எழுதிக் கடந்துபோகும் தீர்ப்புகளுக்கு நடுவே, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வலிக்கும் வேதனைக்கும் 15 லட்சம் தந்தது. தொகையைவிட, வலி என்றால் என்ன என்று நின்று யோசித்த பத்திகளுக்காக அதை வரவேற்கிறேன்.

என் மதிப்பீடு இது. ராஜ்குமார் தீர்ப்பின் விசாரணை முறை இத்துறையில் இதுவரை உண்டானவற்றுள் சிறந்தது. அதன் குறை, எண்ணுக்குக் காரணம் எழுதும் கடமையை விதியாக்காமல் விட்டது. முகமது சித்திக், ராமச்சந்திரப்பா இரண்டும் ராஜ்குமாருக்கு ஈடான தெளிவுடையவை. 164-ஆம் பிரிவு இடைக்கால உதவியாக நிற்கத் தக்கது. இறுதித் தீர்வாக நிற்க அதற்குத் தகுதியில்லை. சதவீதத்துக்கு இவ்வளவு என்ற நம் மாநிலக் கணக்கு வருவாய் குறையாதவர்களின் வழக்குகளோடு நின்றுகொள்ள வேண்டும். உடலுழைப்பாளர் வழக்குகளில், செயல்பாட்டு ஊனம் இவ்வளவு என்று எழுதும் ஒவ்வொரு தீர்ப்பும் அவர் தொழிலின் எந்த அசைவு போயிற்று என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும். எழுதாத சதவீதத்தை மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் நிலைநிறுத்தக் கூடாது.